புள்ளி வைத்த மெய்

எஸ்கில் முப்பத்தொரு வருடம் பன்றி அறுத்தவன்,
டென்மார்க்கின் வடக்கே, லிம்ஃபியோர்டின் உப்புக்காற்றில்,
அதிகாலை நான்கு மணி ஷிப்டில்.
லாரியின் பின்கதவு திறந்ததும்
அவை அவனைப் பார்க்கும்.
பிறகு, இறங்க மாட்டேன் என்று
நான்கு காலையும் ஊன்றிக்கொள்ளும்.
ஒன்பது மணி இடைவேளையில் அவன்
ஈரல் தடவிய ரொட்டியைத் தயங்காமல் தின்றான்.
இரவில் நன்றாகவே தூங்கினான்.
இதைச் சொல்ல அவனுக்குக் கூச்சமில்லை.

இப்போது வருபவை பார்ப்பதில்லை.

கண் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் பாவை சுருங்குகிறது.
கருவிலேயே எதையோ அணைத்துவிட்டார்களாம்.
எதை என்று கம்பெனிக்காரி ஒரு மணி நேரம்
படம் போட்டு விளக்கினாள்.
வலி இல்லை, பயம் இல்லை,
வலிக்கவும் பயப்படவும் உள்ளே ஆளே இல்லை.
குழாயில் ஊட்டம். மெத்தையில் வளர்த்தி.
இரண்டு மணிக்கொருதரம் இயந்திரம் புரட்டிப் போடும்.
மற்ற பன்றிகளோடு கலந்துவிடாதிருக்க
உச்சந்தலையில் நீல மையில் ஒரு புள்ளி.

என் மொழியிலும்
உயிர் சேராத எழுத்தின் தலையில் புள்ளிதான் வைக்கிறோம்.
மெய் என்று அதற்குப் பெயர்.
உடம்பு என்றும் அர்த்தம், உண்மை என்றும் அர்த்தம்.
உயிர் துணையில்லாமல் அது தனித்து ஒலிக்காது
என்று பள்ளியில் படித்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு
மகள் ராக்னா வந்தாள்.
பதினான்கு வயதில் அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவள்,
பத்தொன்பது வருடம் அவன் மேசையில்
கிழங்கும் கோஸும் மட்டும் தின்றவள்,
மொறுமொறுத்த தோலோடு இரண்டு துண்டு கேட்டு வாங்கினாள்.
மோவாயில் வழிந்த கொழுப்பைப் புறங்கையால் துடைத்தாள்.
"யாருக்கும் தீங்கில்லை அப்பா. கடைசியில் ஒருவழியாக."
எஸ்கில் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.
"அலறினதைத் தின்றாய்.
அலறாததைத் தின்ன மாட்டாயா?"
சிரித்தாள். அவனும் சிரித்தான்.
கணக்கில் அவள் சரி. அவனுக்கே தெரியும்.

மாட்டேன் என்றதிடமிருந்து பிடுங்கினேன், அது கொள்ளை,
கொள்ளைக்காரனுக்காவது தான் யாரென்று தெரியும்.
மாட்டேன் என்றும் சொல்லத் தெரியாததிடம்,
சரி என்றும் சொல்லத் தெரியாததிடம்,
அப்படித் தெரியாதிருக்கும்படி நாமே செய்துவைத்ததிடம்
எடுப்பதற்கு என்ன பெயர்?
இதை அவன் சொல்லவில்லை.
வயிறு சரியில்லை என்றான்.

வியாழக்கிழமைகளில் தங்கையைப் பார்க்கப் போவான்.
குத்ரூன். உறைபனியில் பைக் சறுக்கி ஆறு வருடம்.
குழாயில் ஊட்டம்.
இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் படுக்கவைப்பார்கள்.
அவன் நகம் வெட்டிவிடுவான்.
தொடுவதற்கு முன் கைகளை
ஹீட்டர் மேல் வைத்துச் சூடாக்கிக்கொள்வான்.
"அவளுக்குக் குளிர் தெரியாதே" என்றாள் ஒருநாள் நர்ஸ்,
கெட்ட எண்ணத்தோடு அல்ல.
"ஆமாம்" என்றான்,
இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தான்.

அடுத்த நாள், வெள்ளி,
கொக்கியில் வந்து நின்ற நீலப்புள்ளியின் முன்
உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டிருக்கும் தன்னைக் கண்டான்.
பக்கத்து மேடை யெப்பெ விசில் அடித்தான்.
வரிசை நான்கு விநாடி நின்றது.
திரையில் அது சிவப்பில் பதிவானது.
பிறகு அறுத்தான். அறுக்காமல் என்ன செய்வான்.

வேலையை விடவில்லை.
கொள்கை என்று எதுவும் இல்லை.
மிஞ்சிய இறைச்சியை ராக்னா டப்பாவில் எடுத்துப் போனாள்,
நல்ல இறைச்சி, வீணாக்கக் கூடாது.

இந்த வியாழன் நகம் வெட்டிக்கொண்டே
குத்ரூனிடம் சொன்னான், நான்கு விநாடியைப் பற்றி.
மூடிய உதடுகளுக்குள்ளிருந்து
ம்
என்று ஒரு சத்தம்.
வெறும் மூச்சு என்று எழுதிவைத்திருக்கிறார் டாக்டர்.
இருக்கலாம்.

என் மொழியில்
கதை கேட்கிறவர்கள் கொட்டுகிற சத்தம் அது,
கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல் என்று.

எஸ்கிலுக்குத் தமிழ் தெரியாது.
மேலே சொல்கிறான்.